சம்பளம் இல்லை, அனுமதி மட்டும் எதற்கு? வெளிநாட்டில் தொண்டூழியமும் தங்கும் உரிமையும்

தொண்டூழியத்துக்குப் போகிறவர்கள் குடிநுழைவு முகப்பில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தால்தான். "என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்கிறார். சுற்றுலா விசாவில் வந்தவர், "இங்கே ஒரு பள்ளியில் மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறேன், காசு எதுவும் வாங்கப் போவதில்லை" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறார். அதிகாரியின் காதில் 'சொல்லித்தரப் போகிறேன்' விழுகிறது, 'மூன்று மாதம்' விழுகிறது. 'காசு வாங்கப் போவதில்லை' என்பது பல நாடுகளின் சட்டத்தில் எடுபடாத பேச்சு.

சிங்கப்பூரில் இந்தக் குழப்பம் இரண்டு பக்கமும் உண்டு. ஏ நிலைத் தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளியில் இந்தியாவுக்கோ ஜெர்மனிக்கோ தொண்டூழியராகப் போக நினைக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்படும் சொற்பொழிவாளர்கள், இங்கு வேலை பார்ப்பவரைச் சார்ந்து, சார்ந்திருப்போர் அட்டையில் வாழும் குடும்பத்தினர், சங்கங்களுக்கு உதவ முன்வரும் மாணவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான்: சம்பளமே இல்லாத காரியத்துக்கு அனுமதி எதற்கு?

மூன்று காகிதங்கள், மூன்று வேலைகள்

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'விசா' என்றே சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

1. விசா என்பது ஒரு நாட்டின் வாசலுக்கு வந்து நிற்பதற்கான முன் ஒப்புதல். உள்ளே விடுவதா என்பதை வாசலில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார்.

2. தங்கும் அனுமதி என்பது உள்ளே எத்தனை நாள், என்ன நோக்கத்துக்காக இருக்கலாம் என்பதைச் சொல்வது. சாங்கியில் வந்திறங்கும் சுற்றுப்பயணிக்கு மின்னஞ்சலில் வருகிறதே குறுகிய கால வருகை அனுமதி, அதுவும் இந்த வகைதான். அதை விசா என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

3. வேலை அனுமதி என்பது தங்கும் காலத்தில் என்ன வேலையை யாரிடம் செய்யலாம் என்பதைச் சொல்வது. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்குத் தரப்படும் ஒர்க் பாஸ் ஒன்றே இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத் தருகிறது. ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டை கையில் இருந்தாலும், வேலை செய்யலாமா கூடாதா, செய்யலாம் என்றால் எந்த வேலை என்பதை அந்த அனுமதியோடு சேர்ந்த குறிப்பில்தான் பார்க்க வேண்டும்.

தொண்டூழியத்துக்கென்றே தனி அனுமதி தரும் நாடுகளில் அது பெரும்பாலும் அழைக்கும் அமைப்போடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்த முதியோர் இல்லம் பிடிக்கவில்லை என்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தன் போக்கில் மாறிவிட முடியாது. அமைப்பு கைவிட்டால் அனுமதியும் ஆட்டம் காணும்.

'வேலை' என்று எதைச் சொல்கிறார்கள்?

வெளிநாட்டவர் இலவசமாக உழைப்பதில் ஓர் அரசாங்கம் கவலைப்பட என்ன இருக்கிறது? முதல் கவலை, உள்ளூர்க்காரருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவச ஆள் வந்து செய்துவிட்டுப் போவது. இரண்டாவது, தொண்டூழியம் என்ற பெயரில் ஆட்களைச் சுரண்டுவது. 'தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறோம், பண்ணையில் எட்டு மணிநேரம் உழைத்தால் போதும்' என்பதைச் சட்டம் எந்தக் கணக்கில் எழுதுவது? மூன்றாவது, குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கும் இடங்களில் பின்னணி தெரியாத ஆட்களை விடுவது. இந்தக் கவலைகளில் எது பெரியது என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபடுவதால், கோடு போடும் இடமும் மாறுகிறது.

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டம், ஒருவரை வேலைக்கு வைத்திருப்பதற்குத் தரும் விளக்கத்திலேயே 'சம்பளத்துடனோ சம்பளமின்றியோ' அவரது சேவையைப் பயன்படுத்துவது என்ற பொருளைச் சேர்த்துவிட்டது. ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2017இல் வேறு சட்டம் வரும்வரை நடப்பில் இருந்த தாய்லாந்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்குதான்: உடல் உழைப்பையோ அறிவையோ செலுத்தினால் அது வேலை, ஊதியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நியூசிலாந்து வேறு வழியில் போகிறது. அங்கே 'ஆதாயத்துக்காகவோ வெகுமதிக்காகவோ' செய்வதே வேலை. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் பணத்தில் மதிப்பிடக்கூடிய எந்தப் பலனும் வெகுமதிதான் என்று சட்டமே விளக்குகிறது, தங்குமிடமும் சாப்பாடும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பண்ணை வீட்டின் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு, காலையில் ஆப்பிள் பறித்துக் கொடுப்பவர், ஒரு காசு வாங்காவிட்டாலும் அங்கே வேலை செய்கிறவர்தான்.

கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனால் அதே அறையும் அதே சாப்பாடும் பெரிய பிரச்சினை இல்லை. அங்கே வருகையாளர் தொண்டூழியம் செய்யலாம். ஆனால் வந்ததன் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும். அதோடு, ஆஸ்திரேலியர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கக்கூடிய வேலையாக அது இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் கத்தி. ஆப்பிள் பறிப்பது சம்பள வேலை இல்லை என்று எந்தப் பண்ணைக்காரர் சத்தியம் செய்வார்? சுற்றிப்பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய இளையருக்குத் தரும் விடுமுறை வேலை விசாவை இரண்டாம் ஆண்டுக்குப் பெறச் சம்பளமில்லாப் பண்ணை உழைப்பைக் கணக்குக் காட்டும் வழியையும் ஆஸ்திரேலியா 2015 டிசம்பரில் அடைத்துவிட்டது.

பிரிட்டன் இந்த எல்லைக்கோட்டை இன்னும் நுணுக்கமாகப் போடுகிறது. நேரம் கிடைக்கும்போது வந்து கைகொடுப்பவர் ஒரு வகை. குறிப்பிட்ட நேரத்துக்கு வந்தாக வேண்டும், குறிப்பிட்ட பொறுப்பை ஏற்றாக வேண்டும் என்ற கடப்பாட்டோடு ஊதியமின்றி உழைப்பவர் இன்னொரு வகை. இரண்டாமவர் கிட்டத்தட்ட ஊழியர்தான். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் வகை உதவி, வாராந்தர வேலை நேர வரம்பில் சேராது. இரண்டாம் வகை சேரும். வருகையாளராக வந்தவர் பதிவுபெற்ற அறநிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம், ஆனால் பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. அதற்குமேல் செய்ய விரும்புபவருக்கு அறநிறுவன ஊழியர் விசா இருக்கிறது. பெயரில் ஊழியர் என்று இருந்தாலும் சம்பளம் கிடையாது, 12 மாதம் வரை தங்கலாம், உரிமம் பெற்ற அமைப்பு ஒன்று ஆதரவாளராக நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் பி-1 வருகை விசாவின் கீழேயே, அங்கீகரிக்கப்பட்ட சமய அமைப்பிலோ அறநிறுவனத்திலோ சேவை செய்ய ஒரு வழி உண்டு. செலவை ஈடுகட்டும் சிறு தொகைக்கு மேல் வாங்கக் கூடாது, நன்கொடை திரட்டக் கூடாது.

ஆக, 'நான் காசு வாங்கவில்லை' என்ற பதில் ஒரு நாட்டில் பாதித் தேர்ச்சி, இன்னொரு நாட்டில் முழுத் தோல்வி.

சிங்கப்பூருக்கு வருகிறவர்கள்

இங்குள்ள தமிழ் அமைப்புகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி இது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கம் தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளர் ஒருவரை அழைக்கிறது. விமானச் சீட்டு சங்கத்துடையது, தங்குவது செயலாளர் வீட்டில். மேடையில் பொன்னாடையும் ஒரு நினைவுப் பரிசும். பணம் கைமாறவே இல்லை. வருகை அனுமதியிலேயே அவர் பேசிவிட்டுப் போகலாமா?

என்ன பேசப் போகிறார் என்பதைப் பொறுத்தது அது.

1. பேச்சு சமயம், இனம், சமூகம், ஏதேனும் ஓர் இயக்க நோக்கம், அரசியல் ஆகியவற்றைச் சாராததாக இருந்தால், மனிதவள அமைச்சின் வேலை அனுமதி விலக்குப் பட்டியலில் வரக்கூடும். கருத்தரங்கு, கண்காட்சி, விளையாட்டு, குறிப்பிட்ட இடங்களில் நடக்கும் கலை நிகழ்ச்சி எனச் சில நடவடிக்கைகள் அதில் உண்டு. ஓர் ஆண்டில் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது. விலக்கு என்றால் பேசாமல் இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. சிங்கப்பூர் வந்திறங்கிய பின், நடவடிக்கையைத் தொடங்குமுன், அமைச்சுக்கு இணையம்வழி அறிவிக்க வேண்டும்.

2. பேச்சு ஆன்மிகம் என்றால், நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சமயத்தைத் தொட்டால், மிசலேனியஸ் ஒர்க் பாஸ் என்ற குறுகிய கால வேலை அனுமதி வேண்டும். இனம், சமூகம், அரசியல் தொடர்பான கூட்டத்தைப் பேசியோ ஏற்பாடு செய்தோ நடத்தித்தரும் வெளிநாட்டவருக்கும் அதுதான். இங்குள்ள அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 175 சிங்கப்பூர் வெள்ளி, அதிகபட்சம் 60 நாள்.

கம்பராமாயணத்தை இலக்கியமாகப் பேசினால் முதல் வகையா, பக்தியாகப் பேசினால் இரண்டாம் வகையா என்று விவாதிப்பதற்கே ஒரு பட்டிமன்றம் வைக்கலாம். அந்த விவாதத்தை அமைச்சோடு முன்கூட்டியே நடத்திவிடுவது ஏற்பாட்டாளருக்கு நல்லது, நிகழ்ச்சிக்குப் பிறகு நடத்துவது நல்லதல்ல. இந்த வகை விண்ணப்பங்களை இங்கே சடங்குக்காகப் பார்ப்பதில்லை. 2017 செப்டம்பரில் வெளிநாட்டுக் கிறிஸ்துவப் போதகர்கள் இருவரின் விண்ணப்பங்கள், வேறு சமயத்தை இழிவுபடுத்தி அவர்கள் முன்பு பேசியதற்காக நிராகரிக்கப்பட்டன. பேச்சாளர் முந்தைய மேடைகளில் என்ன பேசினார் என்பதும் சேர்த்தே பார்க்கப்படுகிறது.

இங்கேயே குடியிருக்கும் வெளிநாட்டவர் கதை வேறு. சார்ந்திருப்போர் அட்டை தங்குவதற்கான உரிமை மட்டுமே. 2021 மே 1 முதல், அந்த அட்டை வைத்திருப்பவர் வேலை செய்ய ஒர்க் பாஸ் வாங்க வேண்டும். ஒர்க் பாஸ் இல்லாமலே வேலை செய்ய முன்பு வழிவிட்ட இசைவுக் கடிதம் அவர்களில் பெரும்பாலோருக்கு இப்போது இல்லை. மனைவியின் அட்டையைக் காட்டி, 'சும்மாதானே இருக்கிறார், ஆறு மாதம் சம்பளமில்லாமல் நம் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கட்டும், அதைத் தொண்டூழியம் என்று போட்டுக்கொள்ளலாம்' என்று நினைக்கும் சிறு முதலாளிகள் மேலே சொன்ன 'சம்பளமின்றியோ' என்ற சொல்லை இன்னொருமுறை படிக்க வேண்டும். லாபத்துக்கு இயங்கும் கடைக்குத் தொண்டூழியர் என்று ஒருவர் இருக்க முடியாது என்பது என் கருத்து. ஒரு நாள் கோயிலில் அன்னதான வரிசையில் நின்று சாம்பார் ஊற்றும் பக்தரையும், தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடையில் கணக்குப் புத்தகத்தைத் திறப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

அபராதத்தைப் பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். அனுமதியில்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை செய்தவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள்

சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு இந்தியா 'வெளிநாடு' போலத் தோன்றுவதே இல்லை. தாத்தா ஊர், அத்தை வீடு, பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி. பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தர விசா எதற்கு என்றுதான் முதலில் தோன்றும். சட்டத்துக்கு அத்தை வீடு தெரியாது.

1. ஒரு மாதம் வரை: சுற்றுலா விசாவிலேயே குறுகிய காலத் தொண்டூழியத்துக்கு இடமுண்டு. பணமோ, பணத்துக்கு ஈடான வேறு எதுவுமோ கைக்கு வரக் கூடாது. மின்விசாவுக்கும் இது பொருந்தும்.

2. அதற்கு மேல்: பதிவுபெற்ற அரசுசாரா அமைப்பில் சேவை செய்ய வருபவருக்கு வேலை விசாதான். 'எனக்கு எதற்கு வேலை விசா?' என்று பலரும் குழம்பும் இடம் இது. வழக்கமாக அந்த விசாவுக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். கௌரவ அடிப்படையில் சேவை செய்பவருக்கு அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டு, எந்த அமைப்பு, எந்த ஊர் என்பது விசாவிலேயே குறிக்கப்படும். திண்டுக்கல் என்று எழுதியிருந்தால் திண்டுக்கல்தான்.

3. ஆரோவில், அரவிந்தர் ஆசிரமம் போன்ற சில இடங்களில் சேர வருவோருக்கு நுழைவு விசா என்ற தனி வகை உண்டு. அந்த இடத்தின் பரிந்துரை இல்லாமல் அது கிடைக்காது.

4. இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ (கடல்கடந்த இந்தியக் குடிமக்கள்) அட்டை உள்ளவர்களுக்கு விசாக் கவலையே இல்லை, காவல்துறைப் பதிவும் இல்லை. ஆனால் 2021 மார்ச் அறிவிப்பின்படி, ஆராய்ச்சி, சமயப் பரப்புரை, மலையேற்றம், இதழியல் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். கிராமத்தில் பாடம் சொல்லித்தரப் போய், அப்படியே அந்த மக்களைப் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வுக்குத் தரவும் சேகரிக்கும் மாணவர், தாம் எந்த இடத்தில் தொண்டூழியராக இருப்பதை நிறுத்திவிட்டு ஆய்வாளராகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போகிறவர் வந்திறங்கிய 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சென்னைப் பக்கம் என்றால் நுங்கம்பாக்கம் ஹேடோஸ் சாலையில் சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் பொறுப்பு. விண்ணப்பம் இப்போது இணையம்வழி. இதைவிட அதிகமாகக் கோட்டை விடப்படுவது, 'சி' படிவம் என்று அழைக்கப்பட்டுவந்த தங்குமிட அறிவிப்புப் படிவம். வெளிநாட்டவருக்குத் தங்க இடம் கொடுப்பவர் 24 மணிநேரத்துக்குள் அதை நிரப்ப வேண்டும். ஓட்டலுக்கு இது அன்றாட வேலை. ஆனால் தனி வீடும் இந்த விதிக்குள் வருகிறது, அத்தை வீடு உட்பட. அத்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பாடு.

2025 செப்டம்பர் 1 முதல், 1946ஆம் ஆண்டின் பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் உள்ளது. விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஐரோப்பா: ஒப்பந்தமே சாவி

தொண்டூழியருக்கென்று ஒழுங்காக ஒரு சட்டப்பெட்டி செய்து வைத்திருப்பது ஐரோப்பிய ஒன்றியம். 2016/801 என்ற ஆணை, மாணவர், ஆய்வாளர், பயிற்சியாளர் ஆகியோரோடு தொண்டூழியரையும் தனி வகையாக வைக்கிறது. அயர்லாந்தும் டென்மார்க்கும் இதில் சேரவில்லை. அனுமதி வழக்கமாக அதிகபட்சம் ஓர் ஆண்டு. ஐரோப்பியத் தொண்டூழியத் திட்டத்தில் வருவோருக்கு இந்த விதிகள் எல்லா உறுப்பு நாட்டிலும் கட்டாயம். மற்றவர்களுக்குப் பொருத்துவதா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம்.

இந்த ஆணையில் எனக்குப் பிடித்தது, அழைக்கும் அமைப்போடு செய்யும் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருப்பது. திட்டம் என்ன, எத்தனை காலம், எங்கே வேலை, யார் மேற்பார்வை, எத்தனை மணிநேரம், தங்க, சாப்பிட வழி என்ன, கைச்செலவுக்குக் குறைந்தது எவ்வளவு, பயிற்சி உண்டென்றால் என்ன பயிற்சி. இதோடு, தொண்டூழியரால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்த அமைப்பு காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகாவிட்டாலும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கம்போடியாவிலோ நேப்பாளத்திலோ உங்களை அழைக்கும் அமைப்பின் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனை வரி காலியாக இருக்கிறது என்று தெரியும்.

ஜெர்மனி இதற்கு அப்பால் தன் சொந்தத் திட்டத்தையும் நடத்துகிறது. கட்டாய ராணுவ சேவையை 2011இல் நிறுத்தியபோது, அதற்கு மாற்றாகச் சமூக சேவை செய்துவந்த இளையர்களின் இடம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் காலியானது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் கூட்டரசுத் தொண்டூழிய சேவை. வெளிநாட்டவரும் சேரலாம். வழக்கமாக 12 மாதம், நீட்டித்தால் 18. கைச்செலவுப் பணம், சமூகக் காப்புறுதி, ஓராண்டில் 25 நாள் கருத்தரங்கு எல்லாம் உண்டு.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 180 நாளில் 90 நாள், ஐரோப்பாவின் பொது எல்லைப் பகுதியான ஷெங்கன் பகுதிக்குள் விசா இல்லாமல் இருக்கலாம் என்பது உண்மை. ஆகவே முதலில் போய்விடுவோம், அங்கே போய் அனுமதி வாங்கிக்கொள்வோம் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த வசதியை ஜெர்மனி ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்கொரியா, கனடா, அமெரிக்கா போன்ற சில நாட்டவருக்குத்தான் தருகிறது. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. இங்குள்ள ஜெர்மானியத் தூதரகத்திலேயே நீண்டகால தேசிய விசா வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இந்தியக் கடப்பிதழில் இருக்கும் நிரந்தரவாசிக்கும் இதே பாதைதான், அவர் பழகிப்போனவர் என்பதால் மறக்க மாட்டார்.

புறப்படும் பக்கத்துக் கணக்கு

அங்கே அனுமதி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இங்குள்ள கடமையை மறந்துவிடுவோர் உண்டு.

1. கட்டாயத் தேசிய சேவைக்கு இன்னும் செல்லாத, 13 வயதைக் கடந்த ஆண் பிள்ளைகள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க, எக்ஸிட் பெர்மிட் எனப்படும் வெளியேறும் அனுமதி வேண்டும். சேவை முடித்த தயார்நிலை வீரர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து வேண்டும். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஜெர்மனியில் ஓராண்டு முதியோரைக் கவனித்துக்கொண்டார் என்பது இதற்கு விதிவிலக்கு ஆகாது.

2. நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கும்போது அது முடிந்துபோனால் நிரந்தரவாசத் தகுதியே ஆபத்தில் விழும்.

3. பயணக் காப்புறுதியில் உடலுழைப்பு வேலைக்கு விலக்கு இருக்கிறதா என்று நுண்ணெழுத்தைப் படியுங்கள். கூரை வேயும்போது ஏணியிலிருந்து விழுந்தவர் சுற்றுப்பயணியா வேலையாளா என்ற கேள்வி மருத்துவமனைக் கட்டணம் வரும்போதுதான் எழும்.

அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

எந்த வகை அனுமதியில் நான் வரப்போகிறேன், அதன் பெயர் என்ன? விண்ணப்பிப்பது நீங்களா நானா? அந்த அனுமதியில் உங்கள் அமைப்பின் பெயர் வருமா? நான் பாதியில் விலகினால் எத்தனை நாளுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்?

இதற்கெல்லாம் பதிலாக, "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், முகப்பில் கேட்டால் சுற்றிப்பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று வந்தால், அந்த மின்னஞ்சலை அழித்துவிடாமல் பத்திரப்படுத்திவிட்டு, வேறு அமைப்பைத் தேடுங்கள். பொய் சொல்லப் போவது உங்கள் வாய், பதிவாகப் போவது உங்கள் கடப்பிதழ் எண். நாளை வேறொரு நாட்டின் விசாப் படிவத்தில் 'உங்களுக்கு எங்காவது நுழைவு மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு ஆம் என்று குறியிட வேண்டியவரும் நீங்கள்தான்.